குளிரில் கார்க் கண்ணாடி தெளியாதது ஏன்? டிஃப்ராஸ்டர் பற்றி ஓர் எளிய விளக்கம்

"டிஃப்ராஸ்டர் வேலை செய்யுதில்லை." டிசம்பர் பிறந்துவிட்டால் டொராண்டோப் பக்கம் கார் ஓட்டும் தமிழர்களிடம் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. என்ன ஆயிற்று என்று விசாரித்தால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள். ஒருவருக்கு முன்கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்து சாலையே தெரியவில்லை. இன்னொருவருக்கு வெளியே உறைந்த பனி, அரை மணி நேரம் ஹீட்டர் போட்டும் இளகவில்லை. மூன்றாமவருக்குப் பின்கண்ணாடியில் மேலும் கீழும் தெளிந்துவிடுகிறது, நடுவில் இரண்டு பட்டை மட்டும் வெள்ளையாகவே கிடக்கிறது. மூன்றுக்கும் காரணம் வேறு, பழுது வேறு, செலவும் வேறு. ஆனால் மூவரும் அந்த ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு கராஜுக்குப் போகிறார்கள். அங்கே ஏதோ ஒரு பாகத்தை மாற்றிக் கொடுக்கிறார்கள். அடுத்த வாரம் பார்த்தால் கண்ணாடி பழையபடியே.

சாலை சரியாகத் தெரியாமல் 401 நெடுஞ்சாலையில் ஏறுவது உயிரோடு விளையாடுகிற காரியம். கனடாவில் விற்கப்படும் கார்களில் முன்கண்ணாடியைத் தெளியவைக்கும் அமைப்பு இருந்தே ஆகவேண்டும் என்று அரசின் வாகனப் பாதுகாப்பு விதிகளே சொல்கின்றன. பிரேக்குக்குக் கொடுக்கும் மரியாதையை இதற்கும் கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். அது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துவிட்டால், பழுது எந்தப் பக்கம் என்பதைக் காருக்குள் உட்கார்ந்தபடியே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

கண்ணாடியில் ஈரம் எங்கிருந்து வருகிறது?

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து மேசையில் வைத்த தண்ணீர் பாட்டில் கொஞ்ச நேரத்தில் வெளிப்பக்கம் முத்து முத்தாக வியர்த்துவிடும். பாட்டில் கசியவில்லை. அறைக் காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருந்த நீராவி, குளிர்ந்த பரப்பைத் தொட்டதும் தண்ணீராகிவிட்டது. குளிர்காலத்தில் கார்க் கண்ணாடியின் உள்பக்கம் நடப்பதும் இதுதான். குளிர்ந்த பரப்பு கண்ணாடி, ஈரக் காற்று காருக்குள் இருப்பது.

காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பது அதன் வெப்பநிலையைப் பொறுத்தது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்று ஏறக்குறைய 17 கிராம் நீராவியைத் தாங்கும். 0 டிகிரியில் 5 கிராம்கூடத் தாங்காது. மைனஸ் 20-இல் வெறும் 1 கிராம் அளவுதான். ஈரமான காற்றைக் குளிரவைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அது தன்னிடம் உள்ள ஆவியைத் தாங்க முடியாமல் தண்ணீராக இறக்கிவைக்கத் தொடங்கும். அந்த வெப்பநிலைக்குப் பனிப்புள்ளி என்று பெயர். கண்ணாடியின் வெப்பநிலை, காருக்குள் இருக்கும் காற்றின் பனிப்புள்ளிக்குக் கீழே போனால் கண்ணாடியில் ஆவி படியும். கண்ணாடி பூஜ்ஜியத்துக்கும் கீழே குளிர்ந்திருந்தால் அந்த ஈரம் உள்பக்கத்திலேயே உறைந்து பனிப்படலமாகிவிடும்.

ஒரு சாதாரணக் காரின் உள்ளறை ஏறக்குறைய 3 கனமீட்டர் இருக்கும். 0 டிகிரியில் அந்தக் காற்று முழுவதும் சேர்ந்து தாங்கக்கூடிய நீர் 15 கிராமுக்கும் குறைவு, அதாவது ஒரு மேசைக்கரண்டி. உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் மணிக்கு ஏறக்குறைய 30 முதல் 50 கிராம் வரை ஈரத்தை விடுகிறார். நாலு பேர் ஏறிக் கதவைச் சாத்தினால் சில நிமிடங்களில் கண்ணாடி மூடிக்கொள்வதில் அதிசயமே இல்லை. போதாக்குறைக்கு பூட்ஸில் ஒட்டிக்கொண்டு வந்த ஸ்னோ மிதியடியில் உருகி, அதன் அடியிலுள்ள கார்ப்பெட்டுக்குள் இறங்கிவிடும். அது காய நாள் கணக்காகும். காயும் ஒவ்வொரு சொட்டும் காருக்குள்தான் ஆவியாகிறது.

வெளிப்பக்கப் பனியின் கதை வேறு. மேகமில்லாத இரவில் கண்ணாடி தன் வெப்பத்தை வானத்தை நோக்கி விட்டுவிட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடக் கூடுதலாகக் குளிர்ந்துபோகிறது. வெளிக்காற்றின் ஈரம் அதன்மேல் நேரடியாக உறைகிறது. உறைமழை பெய்தால் இன்னும் மோசம், கண்ணாடிமேல் கண்ணாடி ஒட்டியதுபோல ஆகிவிடும்.

ஆகவே முதல் வேலை, விரலால் உள்பக்கம் தொட்டுப் பார்ப்பது. ஈரம் உள்ளே இருந்தால் காரின் உள்காற்று ஈரமாக இருக்கிறது என்று பொருள். வெளியே இருந்தால் கண்ணாடிக்குச் சூடு போதவில்லை.

ஒரே பெயரில் இரண்டு கருவிகள்

டிஃப்ராஸ்டர் என்று நாம் பொதுவாகச் சொல்வது, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு அமைப்புகளை. முன்கண்ணாடிக்குக் காற்று ஊதப்படுகிறது. பின்கண்ணாடி மின்சாரத்தால் சூடாகிறது. டேஷ்போர்டில் இரண்டுக்கும் தனித்தனிப் பொத்தான் உண்டு. மேல்விளிம்பு வளைந்த விசிறி வடிவத்தில் அலையலையான அம்புகள் இருந்தால் அது முன்கண்ணாடிக்கு. நேரான செவ்வகத்தில் அதே அம்புகள் இருந்தால் பின்கண்ணாடிக்கு. இரண்டையும் மாற்றி அழுத்திவிட்டு "வேலை செய்யவில்லை" என்பவர்களும் இருக்கிறார்கள்; புதிதாகக் கார் வாங்கியவர்கள் இதை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

முன்கண்ணாடிக்கு வரும் காற்றின் பாதை

வைப்பர்களுக்குக் கீழே, பானெட்டின் பின்விளிம்பில், சல்லடை போன்ற பிளாஸ்டிக் பகுதி இருக்கும். வெளிக்காற்று அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. அடுத்து கேபின் ஃபில்டர் என்கிற காகித வடிகட்டி தூசியைப் பிடிக்கிறது. ப்ளோயர் என்கிற மின்விசிறி காற்றைத் தள்ளுகிறது. பிறகு அந்தக் காற்று இரண்டு சிறு ரேடியேட்டர்கள் வழியாகப் போகிறது. முதலாவது எவாப்பரேட்டர், ஏசியின் குளிர்ந்த பகுதி. இரண்டாவது ஹீட்டர் கோர், இதற்குள் எஞ்சினைச் சுற்றிவரும் சூடான கூலன்ட் ஓடுகிறது. கூலன்ட் என்பது தண்ணீரும் உறையாமல் காக்கும் கிளைக்காலும் கலந்த திரவம். எஞ்சின் முழுச் சூட்டில் இருக்கும்போது கூலன்ட் ஏறக்குறைய 90 டிகிரியில் இருக்கும். காரின் ஹீட்டர் தருவது, எஞ்சின் எப்படியும் வெளியே விட்டுவிடப் போகிற சூட்டைத்தான்.

கடைசியாக இரண்டு சிறு கதவுகள். ஒன்று எவ்வளவு காற்று ஹீட்டர் கோர் வழியாகப் போகவேண்டும் என்று தீர்மானிக்கிறது, இது கலப்புக் கதவு. மற்றொன்று காற்று முகத்துக்கா, காலுக்கா, கண்ணாடிக்கா என்று திருப்பிவிடுகிறது, இது திசைக் கதவு. இப்போதைய கார்களில் இவற்றை இயக்குவது கைக்கடக்கமான சிறு மோட்டார்கள்.

எவாப்பரேட்டர் எதற்கு என்பதில்தான் பெரும்பாலானோர் குழம்புகிறார்கள். "குளிர்காலத்தில் யாராவது ஏசி போடுவார்களா?" என்று கேட்டு, டிஃப்ராஸ்ட் பொத்தானை அழுத்தியதும் தானாக எரியும் ஏசி விளக்கைப் பிடிவாதமாக அணைக்கிறார்கள். ஏசி அங்கே எரிவது காற்றை உலர்த்துவதற்காக. ஈரக்காற்று குளிர்ந்த எவாப்பரேட்டரைத் தொட்டதும் தன் ஈரத்தை அதன்மேல் இறக்கிவிடுகிறது. அந்தத் தண்ணீர் ஒரு குழாய் வழியாகக் காருக்கு அடியில் சொட்டுகிறது. உலர்ந்த காற்றை அப்புறம் ஹீட்டர் கோர் சூடாக்குகிறது. சூடாகவும் உலர்ந்தும் வரும் காற்று கண்ணாடியிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. மழையும் 5 டிகிரிக் குளிருமாக இருக்கிற நவம்பர் மாலையில் கண்ணாடியைக் காப்பாற்றுவது பெரும்பாலும் இந்த ஏசிதான். பாதியில் அதை அணைத்தால், எவாப்பரேட்டரில் நிற்கும் ஈரம் மறுபடி காற்றோடு கலந்து சட்டென்று கண்ணாடி முழுக்க ஆவி அடிக்கும்.

கடுங்குளிரில் கதை மாறும். வெளியே பூஜ்ஜியத்தை நெருங்கியோ அதற்குக் கீழேயோ போனால் பெரும்பாலான கார்கள் ஏசி கம்ப்ரெஸரை ஓடவே விடாது. விளக்கு எரிந்தாலும் உள்ளே அது ஓய்வில்தான் இருக்கும். அதனால் நஷ்டமில்லை. மைனஸ் 10 டிகிரிக் காற்று ஒரு கனமீட்டருக்கு இரண்டு கிராம் சொச்சம் ஆவியைத்தான் தாங்கும். அதை உள்ளே இழுத்து 20 டிகிரிக்குச் சூடாக்கினால் அது தாங்கக்கூடிய ஈரத்தில் ஏழில் ஒரு பங்குகூட அதில் இருக்காது. கனடாவின் ஜனவரிக் காற்று இயல்பாகவே உலர்ந்த காற்று. அதை உள்ளே விட்டால் போதும்.

விடுவதில்லை என்பதுதான் பிரச்சினை. சீக்கிரம் சூடாகட்டும் என்று ரீசர்க்குலேஷன் பொத்தானை, அதாவது உள்காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிடும் பொத்தானை, அழுத்தி வைக்கிறார்கள். நாலு பேரின் மூச்சும் பூட்ஸ் ஈரமும் போக வழியின்றிக் காருக்குள்ளேயே சுற்றும். ஆவி பிடிக்கிறது என்று வருகிற புகார்களில் பலவற்றுக்கு மருந்து இந்த ஒரு பொத்தானை அணைப்பதுதான். ஒரு பைசாச் செலவில்லை.

சுருக்கமாக, முன்கண்ணாடிக்கு மூன்று விஷயங்கள் சேர்ந்து வரவேண்டும்: போதுமான காற்று, அதில் சூடு, அதில் வறட்சி. இந்த மூன்றில் எது குறைகிறது என்று கேட்டுக்கொள்வதுதான் பழுது பார்ப்பதன் தொடக்கம்.

காற்றே குறைவாக வந்தால்

ப்ளோயரை முழு வேகத்தில் வைத்து, டேஷ்போர்டின் மேல்விளிம்பில் கண்ணாடியை ஒட்டியுள்ள நீண்ட துவாரத்தின்மேல் கையை வையுங்கள். எல்லா வேகத்திலும் சத்தம் பலமாகக் கேட்டும் காற்று பலவீனமாக வந்தால் கேபின் ஃபில்டரைச் சந்தேகிக்கலாம். பல கார்களில் அது கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். பெட்டியின் இருபக்கத்தையும் உள்நோக்கி அழுத்தினால் முழுதாகக் கீழே இறங்கிவிடும். இலையுதிர் காலம் முடிந்து அதை உருவிப் பார்த்தால் மேப்பிள் இலைத் துணுக்கும் ஊசியிலையும் சாம்பல் நிறத் தூசியுமாக மெத்தைபோல இருக்கும். சில வேளை எலி கொண்டுவந்து சேர்த்த பஞ்சும் இருக்கும். புதியதைப் போடுவது ஐந்து நிமிட வேலை. இதற்காகக் கராஜுக்குப் போகத் தேவையே இல்லை.

உச்ச வேகத்தில் மட்டும் ஓடி, மற்ற வேகங்களில் ப்ளோயர் செத்துக் கிடந்தால், வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் என்ற சிறு பாகம் எரிந்திருக்கும். பழைய, எளிய கார்களில் சாதாரணமாக வருகிற பழுது. எந்த வேகத்திலும் ஓடவில்லை என்றால் ஃபியூஸ், பிறகு மோட்டார். மின்சாரம் அளவுக்கு மீறிப் பாய்ந்தால் தானே உருகிச் சுற்றை அறுத்துக்கொள்ளும் கம்பிதான் ஃபியூஸ்.

காற்று பலமாக வருகிறது, ஆனால் காலுக்கோ முகத்துக்கோதான் போகிறது என்றால் திசைக் கதவு மாட்டிக்கொண்டிருக்கிறது. டேஷ்போர்டுக்குள் டக் டக் டக் என்று பல்லி சத்தம்போலக் கேட்டால், கதவை நகர்த்தும் மோட்டாரின் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

வைப்பருக்குக் கீழே உள்ள சல்லடைமேல் ஸ்னோ குவிந்திருந்தாலும் காற்று வராது. வந்தாலும் ஸ்னோவையே உறிஞ்சி ஈரத்தை உள்ளே கொண்டுவரும். கூரையையும் கண்ணாடியையும் தட்டிவிடுகிறவர்கள் இந்த இடத்தை மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

காற்று வருகிறது, சூடு இல்லை

இதுதான் செலவு வைக்கிற இடம், ஆகவே நின்று நிதானமாகப் பார்ப்போம்.

எஞ்சினை முடுக்கிய உடனே சூடு வராது. மைனஸ் 15-இல் நின்ற எஞ்சின் சூடேற நேரம் வேண்டும், நிறுத்தி வைத்தே ஓடவிட்டால் இன்னும் அதிக நேரம் பிடிக்கும். கண்ணாடியைச் சுரண்டித் துப்புரவாக்கிவிட்டு மெதுவாக ஓட்டத் தொடங்கினால் சீக்கிரம் சூடாகும். பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிய பிறகும் குளிர்ந்த காற்றே வந்தால்தான் பழுது.

முதலில் எஞ்சின் வெப்பமானியைப் பாருங்கள். நெடுஞ்சாலையில் ஓடும்போது முள் நடுவுக்கு வராமல் கீழேயே தங்கினால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகிக்கலாம். கூலன்ட் போதுமான சூட்டை எட்டும்வரை அதை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுத்து வைக்கும் வால்வு அது. திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டால் எஞ்சினின் சூடு முழுக்க முன்னாலுள்ள ரேடியேட்டர் வழியாகப் போய்விடும். பல கார்களில் எஞ்சின் விளக்கு எரிந்து பி0128 என்ற குறியீடு பதிவாகியிருக்கும். கூலன்ட் இருக்கவேண்டிய சூட்டை எட்டவில்லை என்பது அதன் பொருள். தெர்மோஸ்டாட் விலை குறைந்த பாகம்; சில கார்களில் அதை எட்டுவதற்கான கூலிதான் அதிகம்.

முள் சரியாக நடுவில் நிற்கிறது, காற்று மட்டும் குளிர் என்றால் அடுத்தது கூலன்ட் அளவு. பானெட்டுக்குக் கீழே அரைகுறையாக ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தொட்டியில் கீழ், மேல் என இரண்டு கோடு இருக்கும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு அளவு இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கவே கூடாது, கொதிக்கும் திரவம் அழுத்தத்தோடு முகத்தில் பீறிட்டு அடிக்கும். கூலன்ட் குறைந்தால் எஞ்சினுக்கு முன்பே ஹீட்டர் கோருக்குத்தான் பஞ்சம் வரும். சிக்னலில் நிற்கும்போது குளிர்காற்று, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சூடு, டேஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் கொளகொளவென ஓடும் சத்தம் - இவை மூன்றும் சேர்ந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. ஊற்றி நிரப்புவதோடு விட்டுவிடாதீர்கள். மூடிய சுற்றில் ஓடும் கூலன்ட் எங்கோ கசியாமல் இவ்வளவு குறையாது.

அளவும் சரியாக இருந்தால், எஞ்சினுக்கும் காரின் உள்ளறைக்கும் இடையிலுள்ள சுவர் வழியாக உள்ளே போகும் இரண்டு ரப்பர் குழாய்களைப் பாருங்கள். ஹீட்டர் கோருக்குக் கூலன்ட் போவதும் வருவதும் இவற்றின் வழியாகத்தான். எஞ்சின் சூடான பிறகு, அதை அணைத்துவிட்டு, கையுறையோடு எச்சரிக்கையாகத் தொட்டுப் பாருங்கள். ரேடியேட்டர் விசிறியிலிருந்து கையைத் தள்ளியே வையுங்கள், சில கார்களில் எஞ்சின் நின்ற பிறகும் அது சுழலும். இரண்டு குழாயும் நல்ல சூடு என்றால் ஹீட்டர் கோருக்குச் சூடு போகிறது. அதைக் காற்றில் சேரவிடாமல் தடுப்பது கலப்புக் கதவு. ஒன்று சூடு, மற்றது வெதுவெதுப்பு என்றால் கோருக்குள் துருவும் வண்டலும் அடைத்திருக்கலாம். இரண்டுமே குளிர், முள் மட்டும் சூட்டில் என்றால் கூலன்ட் ஓடவில்லை: காற்று அடைப்போ, கூலன்ட்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப்போ, சில கார்களிலுள்ள ஹீட்டர் வால்வோ காரணமாக இருக்கலாம். இந்த ஒரு சோதனை பல நூறு டாலரைக் காப்பாற்றும். கலப்புக் கதவின் சிறு மோட்டாருக்காக ஹீட்டர் கோரையே மாற்றினால், பல கார்களில் டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டிவரும்.

ஓட்டுநர் பக்கம் குளிர், பக்கத்து இருக்கைக்குச் சூடு என்றால், தனித்தனி வெப்பக் கட்டுப்பாடு உள்ள கார்களில் அதுவும் பெரும்பாலும் கலப்புக் கதவின் வேலைதான்.

சூடும் வருகிறது, ஆவியும் போகவில்லை

இது வறட்சிக் குறை. ரீசர்க்குலேஷன் அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விளக்கு அணைந்திருந்தும், வெளிக்காற்றை உள்ளே விடுகிற சிறு கதவு மூடிய நிலையிலேயே சிக்கியிருக்கலாம். பொத்தானை மாற்றி மாற்றி அழுத்தும்போது ப்ளோயரின் சத்தம் மாறினால் கதவு நகர்கிறது என்று அறியலாம்.

அடுத்து ஏசி. கோடையின் கடைசியில் கேஸ் இறங்கிப்போன ஏசியை, இனி எதற்கு என்று விட்டுவிடுவது வழக்கம். அந்தக் குறை நவம்பர் மழையில் ஆவியாக வந்து நிற்கும். அப்போது யாரும் அதை ஏசியோடு சேர்த்து யோசிப்பதில்லை.

மிதியடிகளைத் தூக்கிக் கார்ப்பெட்டை அழுத்திப் பாருங்கள். நனைந்திருந்தால் எதனால் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஸ்னோ ஈரம் என்றால் காயவைத்து, விளிம்பு உயர்ந்த ரப்பர் மிதியடி போட்டால் தீர்ந்தது. எவாப்பரேட்டரின் வடிகால் குழாய் அடைத்திருந்தாலும் தண்ணீர் உள்ளே வழியும். இனிப்பான வாசனையோடு, முன்கண்ணாடியின் உள்பக்கம் துடைத்தாலும் போகாத பிசுபிசுப்புப் படலம் இருந்தால், ஹீட்டர் கோர் கசிகிறது. அந்த ஈரம் கூலன்ட். இதைத் தள்ளிப்போடக் கூடாது. எத்திலீன் கிளைக்கால் நஞ்சு, அதன் இனிப்புக்காக நாயும் பூனையும் நக்கிவிடும், குழந்தைகளுக்கும் ஆபத்து.

கண்ணாடியின் உள்பக்க அழுக்கும் ஒரு காரணம். புகை, விரல் எண்ணெய், பிளாஸ்டிக்கிலிருந்து படியும் மெல்லிய படலம் எல்லாம் ஆவி பிடித்துக்கொள்ள வசதியாகிவிடும். குளிர்காலத்துக்கு முன் ஒருமுறை உள்பக்கம் நன்றாகத் துடைத்தாலே வித்தியாசம் தெரியும்.

முன்கண்ணாடியில் இதுவரை பார்த்தது: காற்று குறைந்தால் ஃபில்டர், ப்ளோயர், திசைக் கதவு. சூடு குறைந்தால் தெர்மோஸ்டாட், கூலன்ட், கலப்புக் கதவு. வறட்சி குறைந்தால் ரீசர்க்குலேஷன், ஏசி, நனைந்த கார்ப்பெட்.

பின்கண்ணாடியின் கோடுகள்

பின்கண்ணாடியின் உள்பக்கம் ஓடும் மெல்லிய செம்பழுப்புக் கோடுகள் வெள்ளி கலந்த பசையைக் கண்ணாடிமேல் அச்சிட்டுச் சுட்டு எடுத்தவை. இரண்டு ஓரத்திலும் செங்குத்தாக ஒரு தடித்த பட்டை இருக்கும். ஒரு பட்டைக்கு பேட்டரியின் மின்சாரம் வருகிறது, மற்றது காரின் உடலோடு இணைந்த எர்த். மின்சாரம் கோடுகள் வழியாக ஓடும்போது அவை சூடாகின்றன. ஒவ்வொரு கோடும் தனித்தனிப் பாதை என்பதால், ஒன்று அறுந்தால் அது மட்டும்தான் சாகும்.

இது மின்சாரத்தை நிறைய இழுக்கும் என்பதால் பல கார்களில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். அது பழுதில்லை.

சோதிக்க ஆவி பிடித்த காலையே போதும். பொத்தானை அழுத்திவிட்டுப் பின்னால் போய் நின்று பாருங்கள். எந்தக் கோட்டைச் சுற்றித் தெளியவில்லையோ அந்தக் கோடு அறுந்திருக்கிறது. பாதிவரை தெளிந்து மீதி தெளியாமல் இருப்பதில்லை. எங்கே அறுந்தாலும் அந்தக் கோடு முழுவதும் குளிர்ந்தே கிடக்கும். ஒரு கோடும் தெளியவில்லை என்றால் கண்ணாடியை விட்டுவிட்டு ஃபியூஸையும் ரிலேயையும் பாருங்கள். ரிலே என்பது சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். பல கார்களில் பக்கக் கண்ணாடிகளும் இதே பொத்தானில் சூடாகும். அவை சூடாகிப் பின்கண்ணாடி மட்டும் சூடாகவில்லை என்றால் பொத்தான் நன்றாக இருக்கிறது, குறை பின்பக்கத்தில்தான்.

ஓரப் பட்டையில் ஒயர் சேரும் உலோகத் தகடு கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். சாமான் ஏற்றும்போது இடித்துப் பிய்ந்துபோவது சகஜம். மேலே திறக்கும் பின்கதவுள்ள கார்களில், கீல் பக்கத்து ரப்பர் உறைக்குள் ஓடும் ஒயர்கள் ஆயிரக்கணக்கான முறை மடங்கி, குளிரில் விறைத்து, உள்ளேயே அறுந்துவிடும். வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. உறையைப் பிதுக்கி எடுத்துப் பார்க்க வேண்டும்.

அறுந்த கோட்டில் சரியான இடத்தைக் கண்டுபிடிக்க வோல்ட் அளக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டர் வேண்டும். அதன் முனைகள் கோட்டைக் கீறிவிடாமல் அலுமினியத் தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, பொத்தானை அழுத்தி, கறுப்பு முனையை எர்த் பட்டையில் வையுங்கள். சிவப்பு முனையை மின்சாரம் வரும் பட்டையில் வைத்தால் 12 வோல்ட்டுக்கு மேல் காட்டும். அங்கிருந்து சிவப்பு முனையைக் கோட்டின் மேலேயே மெல்ல நகர்த்துங்கள். நல்ல கோட்டில் எண் படிப்படியாக இறங்கும், நடுவில் ஏறக்குறைய பாதி இருக்கும். அறுந்த கோட்டில் இறங்காமல் அப்படியே நின்று, ஓர் இடத்தைத் தாண்டியதும் சட்டென்று பூஜ்ஜியமாகிவிடும். அந்த இடம்தான். உற்றுப் பார்த்தால் நகக்கீறல் அளவுக்கு ஓர் இடைவெளி தெரியும்.

அதை ஒட்டுவதற்கு வெள்ளி கலந்த மின்கடத்தும் பெயின்ட் வாகன உதிரிபாகக் கடைகளில் கிடைக்கிறது. பொத்தானை அணைத்துவிட்டு, அந்த இடத்தை ஆல்கஹாலால் துடைத்து, கோட்டுக்கு மேலும் கீழும் டேப் ஒட்டி, நடுவில் மட்டும் பெயின்ட்டைப் பூச வேண்டும். இடைவெளியின் இரண்டு பக்கமும் நல்ல கோட்டின்மேல் கொஞ்சம் ஏறவேண்டும். அப்புறம் குறிப்பில் சொன்ன நேரம் காயவிடுங்கள். குளிரில் இது சரியாகக் காயாது, சூடான கராஜில் செய்வது நல்லது. தகடு கழன்றிருந்தால் இந்தப் பெயின்ட் தாங்காது. அதற்கென்று மின்கடத்தும் எப்பாக்ஸிப் பசை தனியாக உண்டு.

இந்தக் கோடுகள் பெரும்பாலும் நம் கையால்தான் அறுகின்றன. ஸ்டிக்கரை பிளேடால் சுரண்டுவது, கறுப்பு ஃபிலிமை இழுத்து உரிப்பது, உள்பக்கப் பனியைச் சுரண்டுகோலால் வழிப்பது எல்லாம் கோட்டையும் சேர்த்துக்கொண்டு போகும். துடைக்கும்போதும் மேலும் கீழுமாக இழுக்காமல், கோடு ஓடும் திசையிலேயே மென்மையான துணியால் துடையுங்கள்.

மின்சாரக் கார்களும் சில எச்சரிக்கைகளும்

முழு மின்சாரக் கார்களில் எஞ்சின் சூடு கிடையாது. மின்சார ஹீட்டரோ, வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுத்துக்கொடுக்கும் ஹீட் பம்ப்போ சூட்டைத் தருகிறது. ஃபில்டர், ரீசர்க்குலேஷன், பின்கண்ணாடி பற்றிச் சொன்னதெல்லாம் அங்கேயும் பொருந்தும். ஆனால் ஆரஞ்சு நிற உறையிட்ட ஒயர்கள் போகும் இடத்தில் கைவைக்க வேண்டாம், அவை உயர் மின்னழுத்தம் கொண்டவை. பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள்.

எந்தக் காராக இருந்தாலும், உறைந்த கண்ணாடியில் வெந்நீர் ஊற்றாதீர்கள், சட்டென்று ஏறும் சூட்டில் விரிசல் விடும். கதவைச் சாத்திய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்காதீர்கள். வெளியே நிறுத்தியிருந்தாலும், பின்னால் புகைக்குழாயை ஸ்னோ மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடுக்குங்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கூரைமேல் இருக்கும் ஸ்னோவையும் தள்ளிவிடுங்கள். உள்ளே சூடேறியதும் அடிப்பாகம் இளகி, பிரேக் போட்டவுடன் மொத்தமும் முன்கண்ணாடிமேல் சரிந்து விழும்.

கராஜில் என்ன சொல்வது?

கடைசியில் கராஜுக்கே போகவேண்டி வந்தாலும் "டிஃப்ராஸ்டர் வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "முன்கண்ணாடி. காற்று பலமாக வருகிறது. வெப்பமானி நடுவில் நிற்கிறது, கூலன்ட் அளவு சரி, ஹீட்டர் குழாய் இரண்டும் சூடு. ஆனாலும் குளிர்காற்றுதான் வருகிறது, டேஷ்போர்டுக்குள் டக் டக் என்ற சத்தம்" என்று சொல்லுங்கள். இவ்வளவையும் கேட்ட மெக்கானிக் நேராகக் கலப்புக் கதவுக்குப் போவார். சோதனைக்கான ஒரு மணி நேரக் கூலியும் மிச்சமாகும். ஹீட்டர் கோரை மாற்ற வேண்டும் என்று யாராவது தொடங்கினால், அந்தக் குழாய்களைத் தொட்டுப் பார்த்தீர்களா என்று தயங்காமல் கேளுங்கள்.